வினாவை எழுதியவர் யார்?

மதத்தைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் ஜனங்களின் மனத்தைத் தம் பக்கம் திருப்புவதற்குக் கையாளும் உபாயங்கள் பல. எதுகை, மோனை, உவமை, பரிகாசம், கண்ணீர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவையெல்லாம் வெளிப்படையானவை, கேட்பவன் சற்று விழித்திருந்தால், 'இவர் நம்மை மயக்கப் பார்க்கிறார்' என்று தெரிந்துகொள்வான். அவ்வளவு எளிதில் தெரிந்துகொள்ள முடியாத உபாயம் ஒன்று உண்டு. விடையை எழுதுகிறவரே வினாவையும் எழுதிக்கொள்வது என்பதே அது. நாம் இங்கு ஆராயப் புகுவது பெரும்பாலும் இந்த ஒன்றைப் பற்றியேயாகும்.

நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையேயுள்ள ஒரு தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணிக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நாம் கற்றது ஆங்கில வழியில். தமிழ்ப் புத்தகங்களைக் கையில் எடுத்ததே பள்ளியை விட்ட பிறகுதான். ஆகவே புலமை பற்றி இதனை எழுத வந்தோமில்லை. நாமே செய்த ஒரு பிழை நம்மை எழுத வைத்தது. அதனை அதற்குரிய இடத்தில் சொல்லுவோம்.

முதலில் ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இல் பிறந்த அவர், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் ஆங்கிலம் கற்றவர். பிறகு அதே பாதிரியாருக்குத் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்து, பைபிளைத் தமிழில் பெயர்க்கும் வேலையில் துணை நின்றவர். ஆண்டுக்கணக்கில் பாதிரிமாருடன் பழகியதில், அவர்களுடைய வேதத்தோடு கூட அவர்கள் ஜனங்களை வசப்படுத்தும் முறையையும் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டார். 1847-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். பாதிரியார் ஞாயிறுதோறும் செய்துவந்ததை நாவலர் வெள்ளிதோறும் செய்தார். அவர்கள் அச்சுக்கூடம் வைத்தார்கள், இவரும் வைத்தார். சைவரின் அபிஷேகத்தையும் தீபதூபத்தையும் அவர்கள் அஞ்ஞானம் என்று தூஷித்தபோது, 1854-இல் 'சைவதூஷண பரிகாரம்' என்ற நூலை வெளியிட்டு, இவை போன்ற சடங்குகள் பைபிளின் பழைய ஏற்பாட்டிலேயே விதிக்கப்பட்டிருக்கின்றனவே என்று இடம் குறித்துக் காட்டினார். எதிரியின் கையிலிருந்த வாளைப் பிடுங்கி எதிரியின் மேலேயே வீசுவது என்பது இதுதான். பைபிளை வரிவரியாகப் பெயர்த்தவருக்கு அல்லாமல் வேறு எவருக்கு இது கைகூடும்!

பாதிரிமாரிடம் ஞானோபதேச வினாவிடை இருந்தது. நாவலரும் 'சைவ வினாவிடை' எழுதினார். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். வினாவிடைப் புத்தகத்தில் வினவுகிறவன் ஒரு விசித்திரமான மனிதன். அவனுக்குப் பசியில்லை, பிள்ளைகுட்டியில்லை, கடனில்லை. விடை கிடைக்காத கேள்வி அவன் வாயில் வருவதே இல்லை. விடை சொன்ன மாத்திரத்தில் அடங்கி, அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். 'அதெப்படி?' என்று அவன் ஒரு தடவையாவது மடக்கினான் என்று நாம் படித்த எந்த வினாவிடையிலும் கண்டதில்லை. பாதிரியார் புத்தகத்திலும் அவன்தான். நாவலர் புத்தகத்திலும் அவனேதான். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

அவன் நேற்றுப் பிறந்தவனும் அல்லன். சாத்தனார் மணிமேகலையை வஞ்சி நகரத்தில் சமயவாதிகளிடம் அனுப்புகிறார். அளவைவாதி முதல் பூதவாதி வரை ஒவ்வொருவரும் தத்தம் மதத்தை எடுத்துரைக்கிறார்கள். கேட்பதற்கு ஒரு திறந்த சபை போலத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனை வாதிகளுக்கும் பேச்சு எழுதிக் கொடுத்தவர் பௌத்தராகிய சாத்தனார். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள்!

நிற்க. சீர்திருத்தக்காரர்கள் இதற்கு விலக்கா என்று பார்ப்போம். 1925-ஆம் வருஷம் மே 2-ஆம் தேதி ஈரோட்டில் 'குடி அரசு' பிறந்தது. (அதன் காரியாலயத்தைத் திறந்து வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் மடத்து ஞானியார் அடிகள் என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். எதிர்காலம் எப்படித் திரும்பும் என்பதை மடாதிபதிகளும் அறியார் போலும்.) அப்பத்திரிகையில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் 'சித்திரபுத்திரன்' என்ற புனைபெயரில் புராணங்களைப் பற்றிச் சம்பாஷணைகள் எழுதிவந்தார். ஒருவர் கேட்க, ஒருவர் விழிக்க, படிப்பவர் வயிறு குலுங்கச் சிரிக்கும்படியாக அவை நடக்கும். நாமும் சிரித்ததுண்டு, இப்போது எடுத்துப் படித்தாலும் சிரிப்புத்தான் வருகிறது. ஆனாலும் உண்மையை மறைப்பானேன்? விழிக்கின்றவர் எப்போது விழிக்க வேண்டுமென்பதைத் தீர்மானிக்கிறவர் எழுதுகிறவரே. நாவலருடைய வினாக்காரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இங்குள்ள புராணக்காரரோ எதற்கும் வாயடைத்துப் போகிறார். இருவரும் பொம்மைகளே.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வித்தியாசத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. பெரியார் தமது பிரசங்கங்களில், தாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாமென்றும், அவரவர் புத்தியைக் கொண்டு ஆராய்ந்து சரியென்று பட்டால் மட்டும் கொள்ளுமாறும் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். 1929-ஆம் வருஷம் டிசம்பரில் மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசியபோது அவரைக் கேட்டவர்களிலும், அப்பேச்சுகளைப் பத்திரிகையில் படித்தவர் வாயிலாகக் கேட்டவர்களிலும், எழுத்தறியாத தோட்டத்து ஜனங்கள் ஏராளம். 'உன் புத்தி' என்று ஒருவர் தம்மைப் பார்த்துச் சொல்லியதை வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இதுவும் ஓர் உபாயந்தானே என்று கேட்டால், ஆம், அதிலும் மிகப் பலமுள்ள உபாயம் என்றே நாம் சொல்வோம். 'என்னை நம்பாதே' என்கிறவரை நம்பாமலிருப்பது கஷ்டம். எனினும் இந்த உபாயத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. கேட்டவன் ஒருநாள் அக்கதவின் வழியாக வெளியே வந்து, சொன்னவரையே கேள்வி கேட்கலாம். மற்ற உபாயங்களில் கதவே கிடையாது.

நாம் படித்த பள்ளியில் வாதப்போட்டி என்று ஒன்று வருஷந்தோறும் நடக்கும். எந்தக் கட்சி பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். ஒரு வருஷம் நாம் சற்றும் நம்பாத கட்சி நமக்கு விழுந்தது. அதைப் பேசி வெள்ளிக் கிண்ணமும் வாங்கினோம். அக்கிண்ணம் இன்னும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நம்பாததைப் பேசி வென்றதில் அன்று நமக்குத் துளியும் வெட்கமில்லை. அது ஒரு கலை என்றே எண்ணினோம். பிற்காலத்தில் குறளைப் படித்தபோது, திருவள்ளுவர் 'வாய்மை'யை அறத்துப்பாலிலும், 'சொல்வன்மை'யையும் 'அவையறித'லையும் பொருட்பாலில் அமைச்சருக்குரியவற்றிலும் வைத்திருப்பதைக் கவனித்தோம். வாய்மை எல்லாருக்கும் உரிய அறம்; சொல்வன்மை ஒரு தொழிலுக்குரிய கருவி. கருவி எந்தக் கைக்கும் வேலை செய்யும் என்பதை அவர் அறியாமலா பாலைப் பிரித்து வைத்தார்?

எதிரி பொம்மையாயிராமல் உயிருள்ள மனிதராக எதிரே நின்ற சந்தர்ப்பமும் நமது சரித்திரத்தில் உண்டு. 1943-ஆம் வருஷத்தில், கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீயிலிட வேண்டும் என்ற கட்சியைச் சி. என். அண்ணாதுரை எடுத்துப் பேசினார். பிப்ரவரி மாதம் சென்னைச் சட்டக் கல்லூரியில் அவருக்கு எதிராக நின்றவர் சென்னைச் சர்வகலாசாலைத் தமிழ்ப் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை. மார்ச் மாதம் சேலத்தில் எதிர்நின்றவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். அண்ணாதுரையின் பேச்சுகள் 'தீ பரவட்டும்' என்ற பெயரில் புத்தகமாக வந்து, வீட்டுக்கு வீடு பரவின. நாம் இங்கு குறிப்பது வாதத்தின் முடிவை அன்று. அடுக்குமொழிக்கும் மோனைக்கும் பேர்போனவர் அண்ணாதுரை என்று எல்லாரும் சொல்வர். ஆனால் சேதுப்பிள்ளையும் அதற்கே பேர்போனவர். 'சொல்லின் செல்வர்' என்ற பட்டமே அவருக்கு உண்டு. 1955-இல் தமிழுக்கென்று முதன்முதலாக வழங்கப்பட்ட சாகித்ய அகாதெமிப் பரிசு அவருடைய 'தமிழ் இன்பம்' என்னும் கட்டுரைத் தொகுதிக்கே கிடைத்தது. எரிக்க வேண்டும் என்றவரும் காக்க வேண்டும் என்றவரும் ஒரே பட்டறையில் சாணை பிடித்த கத்திகளோடு வந்து நின்றார்கள். ஆகவே, கேட்டவர்கள் காதின்பத்தைத் தள்ளிவிட்டுக் கருத்தை எடைபோட வேண்டியதாயிற்று. ஒருவருடைய மோனையை இன்னொருவருடைய மோனை சரிக்கட்டிவிட்டது என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் வல்லவர் நிற்கும்போது சொல்வன்மையால் தீங்கு குறைவு என்று நாம் எண்ணுவது இதனாலேயே.

1968-ஆம் வருஷம் ஜனவரியில் சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. (முதலாவது 1966-இல் நமது கோலாலம்பூரில் நடந்ததை நம்மவர் மறக்கமாட்டார்.) அப்போது முதன் மந்திரியாயிருந்தவர் அண்ணாதுரை. மாநாட்டையொட்டி மெரீனாக் கடற்கரையில் வைக்கப்பட்ட சிலைகளில் கம்பர் சிலையும் ஒன்று. சிலர் இதைச் சொல்லி நகைப்பர். நாம் நகைக்கவில்லை. ஒருவர் தாம் கேட்ட கேள்விக்கே இருபத்தைந்து வருஷம் கழித்து வேறொரு விடை சொல்வது குற்றமாகாது. ஆனால் 1943-இல் அவர் பேச்சைக் கேட்டு வீட்டிலிருந்த கம்பராமாயணத்தை அடுப்பிலிட்டவன் எவனாவது இருந்திருந்தால், அவன் 1968-இல் யாரிடம் போய்ப் புத்தகம் கேட்பான்?

காது மட்டும் வசமாவதற்கு நம் வீட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 'பராசக்தி' படம் 1952 தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் வெளியானது. பிறகு இங்குள்ள தோட்டங்களில் திரை கட்டிக் காட்டினார்கள். நம் பாட்டனார் விடியற்காலையில் பால்மரம் வெட்டிக்கொண்டே கோர்ட் காட்சி வசனம் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாராம். அந்த வருஷமே மாரியம்மன் கோயில் தீமிதிக்கு மஞ்சள் துணி கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாராம். இரண்டிலும் அவருக்கு ஒரே பக்திதான் என்று பாட்டி சொல்வாள்.

இனி நம்முடைய பிழைக்கு வருவோம்.

நமது தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலமாயிற்று. பெரட்டில் நிற்பவர்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நம்மவரைவிட அதிகம். மீதியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் முப்பதுக்குள் அடங்கும். பழைய லயத்தின் கோடி வீட்டைப் படிப்பகமாக்கி, மாதம் ஒரு கூட்டம் நடத்திவந்தோம். உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்யும் ஒரு மூதாட்டி, இளைப்பு நோயால் அவதிப்பட்ட தம் பேரனுக்காக முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டு, வட்டிக்கு இரண்டாயிரம் வெள்ளி வாங்கினார். வட்டிக்காரன் அவர் வாசலில் நின்று சத்தம் போட்டதை நாமே பார்த்தோம். நமக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் நியாயமானது என்றே இன்றும் சொல்வோம்.

ஆனால் நாம் செய்தது என்னவென்றால், 'கிராணியும் கிழவியும்' என்று ஒரு சம்பாஷணை எழுதினோம். கிழவி உளறுவாள், கிராணி மடக்குவார். 'கிடாவுக்கு ஒரே வெட்டு, கிழவிக்கு மாதம் ஒரு வெட்டு' என்று கிராணி சொல்லும் இடத்தில் சபை அதிரும் என்று எதிர்பார்த்தோம், அதிர்ந்தது. பெயர் சொல்லவில்லையாயினும் எல்லாருக்கும் ஆள் தெரியும். அம்மூதாட்டி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிகிறவரையில் எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை ஆபீஸுக்கு வந்தார். நம்மைச் சிறு வயது முதல் 'தம்பி' என்று அழைத்தவர், அன்று 'ஐயா' என்றார்.

"நேத்து அந்தக் கெழவி பேசினது ஒண்ணும் நான் பேசினது இல்லீங்க, ஐயா. கடன் வாங்கினது தப்புத்தான். ஆனா என்னப் பேச விட்டிருந்தா ஒண்ணு கேட்டிருப்பேன். ராத்திரி ரெண்டு மணிக்குப் புள்ளைக்கு மூச்சு முட்டுது. காரு வச்சிருக்கிறவங்க எல்லாம் தூங்குறாங்க. அந்த நேரத்துல நான் யாரக் கூப்பிடணும்?"

நம் தோட்டத்து லயங்களிலும் குவாட்டர்ஸிலும் அப்போது கார் வைத்திருந்த தமிழர் நால்வர். அவர்களில் நாமும் ஒருவர். முனியாண்டி இரவு இரண்டு மணிக்கும் விழித்திருப்பவர். எதுகை மோனையோடு நாம் எழுதிய எட்டுப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கிழவிக்கு வாய் கொடுத்தவர்களும் நாமே. அந்த வாயை அடைத்தவர்களும் நாமே. அன்றிரவு சிரித்தவர்களைப் பற்றியும் பிறகு யோசித்தோம். அவர்களில் பலருடைய சம்பளக் கணக்கு நம் பேனாவில் இருந்தது. கிராணி ஒரு வேடிக்கை சொன்னால் சிரிக்காமலிருப்பது அவர்களுக்கு எவ்வளவு எளிது என்பதை நாம் எழுதும்போது எண்ணிப்பார்த்தோமில்லை. கத்தி ஒன்றேயாயினும் வீசும் திசையைக் கவனிக்க வேண்டும். சித்திரபுத்திரன் பரிகசித்தது தம்மைவிட வலுத்த கூட்டத்தை. பதிலுக்கு அவரை ஏசவும் கல்லெறியவும் அக்கூட்டத்துக்குக் கை இருந்தது. நாம் பரிகசித்ததோ, பதில் சொல்லச் சபையில் எழுந்து நிற்கவும் கூசுகின்ற ஒருவரை.

அப்படியானால் ஜனங்கள் தம் கேள்வியைத் தாமே எழுதினால் அது எப்படி இருக்கும்? நமக்கு அண்டை மாநிலமாகிய சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் 1941-ஆம் வருஷம் நடந்த வேலைநிறுத்தத்தில் அதைக் காணலாம். அதை முன்நின்று நடத்தியவர் ஆர். எச். நாதன் என்ற பத்திரிகை எழுத்தாளர். அவர் நல்ல பேச்சாளர். பின்னர் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் உயிர்களும் போயின. அவர்கள் சமர்ப்பித்த கோரிக்கைகளைப் படித்தால், கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல் இவற்றின் நடுவில் ஒரு கோரிக்கை தனியாக நிற்கிறது. தோட்டத்துப் பாதையில் வெள்ளைக்கார துரைக்கும் ஆசிய உத்தியோகஸ்தருக்கும் முன்னால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்காமல் போக அனுமதிக்க வேண்டும் என்பதே அது. கள்ளுக்கடையை மூடச் சொல்லி எந்தச் சீர்திருத்தக்காரரும் எழுதியிருப்பார். சைக்கிளைப் பற்றி எழுத, தினந்தோறும் இறங்கி ஏறியவனால்தான் முடியும். 'ஆசிய உத்தியோகஸ்தர்' என்று அதில் குறித்திருப்பது யாரை என்பதையும் நாம் சொல்லிவிட வேண்டும். நம் போன்ற கிராணிமாரையும் சேர்த்துத்தான். தோட்டத்துத் தமிழனுக்குச் சுயமரியாதையைப் பற்றி மேடையேறிப் பேச ஆசைப்படும் கிராணி எவரும் அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு ஏறுவது நலம்.

அம்மூதாட்டியிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர், "வுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் கைத்தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் பெரிதாக எழுதி அவர் வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தோம். அந்த வருஷ மழைக்காலத்தில் இரண்டு தடவை இரவில் அழைப்பு வந்தது. இரண்டு தடவையும் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டினோம். பையன் இப்போது படிவம் இரண்டில் படிக்கிறான். மூச்சுக்குழல் மருந்தைத் தானே இழுத்துக்கொள்ளத் தெரியும். முனியாண்டிக்குக் கிடா வெட்டுவது நிற்கவில்லை. மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே கிடாவாக வெட்டுகிறார்கள், கடன் இல்லை. நமக்கும் ஒரு தூக்கில் குழம்பு வந்தது. பலி கூடாது என்ற நம் அபிப்பிராயத்தை விட்டுக்கொடுத்தோமில்லை. குழம்பையும் திருப்பி அனுப்பினோமில்லை. எப்படி இரண்டும் பொருந்தும் என்று கேட்கும் வாசகர் கேட்கலாம்.

படிப்பகத்துக் கூட்டத்தில் ஒரு மாறுதல் செய்திருக்கிறோம். பேச்சுக்கு முன்னால், வந்தவர்கள் தங்கள் கேள்வியைச் சொல்ல வேண்டும்; எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் படித்த பிறகே பேச வருகிறவர் வாயைத் திறக்கலாம். முதல் மாதம், கடவுள் உண்டா இல்லையா என்று கேட்பார்கள் என எதிர்பார்த்து, நாம் குறிப்புகளோடு போயிருந்தோம். வந்த ஒன்பது சீட்டில் கடவுளைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆறு சீட்டு ஒரே விஷயத்தைக் கேட்டன: உதிரிப்பழ மூட்டையை ஆபீஸுக்குப் பின்னால், பொறுக்கியவர் கண்ணில் படாமல் எடைபோடுவது ஏன்?

அந்தத் தராசை அங்கே வைக்கச் சொன்னது யார் என்று நமக்கும் தெரியவில்லை. நாம் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அது அங்கேதான் இருந்தது. மறுவாரம் மானேஜரிடம் கேட்டு முன்வாசலுக்கு மாற்றினோம்.